உப்பிப்போன உப்புக்கண்டப் பை

நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம். பிரசவத்துக்கு வரும் மகளுக்குப் பிடிக்குமே என்று உப்புக்கண்டம் போட்டேன். ஆட்டுக்கறி பாதி காய்ந்திருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. பையிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷின் ஒன்றை விழுப்புரத்தில் ஒரு கடையில் வாங்கி வைத்திருந்தேன். இந்தக் கறியை அதில் ஒட்டி வைக்கலாமா என்று அந்தக் கடைக்காரருக்கே போன் செய்து கேட்டேன்.

"பாதி காஞ்சா போதுங்க. காத்து இல்லன்னா எதுவும் கெடாது. ஃபிரிஜ்ஜுகூட வேணாம்" என்றார். நம்பி, ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

மகள் வந்த அன்று என் கணவர் ஒரு பையை வெட்டிக் கறியை வாணலியில் போட்டுவிட்டார். மீதிப் பைகளை எடுக்கப் போனேன். எல்லாமே உப்பியிருந்தன. ஓடி வந்து அடுப்பை அணைத்தேன்.

"நாத்தமே இல்லியே, ஏன் வீணாக்குற?" என்றார் கணவர்.

"காத்த எடுத்த பையில காத்து எப்டி வந்துச்சு? உள்ள என்னமோ வளந்துகினு இருக்குது. புள்ளத்தாச்சிக்கு இதையா குடுப்பீங்க?" என்றேன்.

அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம். ஈரம் இருந்தால் காற்றில்லாத பையிலும் விஷக்கிருமி வளரும், நாற்றம்கூட வராது என்று மகளைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்.

நேரே கடைக்குப் போனேன். அவர் இன்னொரு பெண்ணிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமோ, "நீங்க சரியா காய வெக்கலங்க" என்றார்.

"பாதி காஞ்சா போதும்னு சொன்ன வாய்தானே இது? எம்பொண்ணு துன்னிருந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று கேட்டேன். அந்தப் பெண் மெஷினை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் காய்கறி வற்றலை ஒடித்துப் பார்த்து, சடக்கென்று முறிந்தால்தான் ஒட்டுகிறேன். கறியென்றால் ஒட்டினாலும் ஃப்ரீசரில்தான். உப்பிய பையைத் திறப்பதே இல்லை. விற்பவர் பேச்சை மட்டும் நம்பி எதையும் சமைப்பதுமில்லை.