நான் தானாக விழவில்லை

சென்ற ஷஃபான் மாதம், ரமலானுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த வலி இப்போது சரியாக நினைவில் இல்லை. பயம் நினைவிருக்கிறது. பயத்தில் நான் ஒரு பொய்க்குத் தலையாட்டினேன். அதிலிருந்து அல்லாஹ் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தான் என்று என் சகோதரிகளாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் டிப்ளமோ படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. பொன்னேரியில் இருந்து ஸ்கூட்டரில் போவேன். அன்று தொழிற்சாலைக்கு முந்தின திருப்பத்தில், ஓரமாக நின்றிருந்த ஒரு கார் வேகமாகப் பின்னோக்கி வந்தது. ஹாரன் அடித்தேன். நிற்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது வானமும், காலின் மேல் கிடந்த ஸ்கூட்டரும்தான்.

கார் ஓட்டியவரே என்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுதார். "பாப்பா, போலீஸ் கேஸ்னு ஆச்சின்னா உன்னியத்தான் அலைய வுடுவாங்க. வயசுப் பொண்ணு, உனுக்கு எதுக்கு பேஜாரு? சறுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடு. மீதி எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். காவல் நிலையம் என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவர் கேட்டபோது அவரே பதில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்து, காலில் கம்பியோடு வீட்டுக்கு வந்தேன். கார் ஓட்டியவர் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பதில்லை. பிறகு அணைத்தே வைத்துவிட்டார். விடுப்புக்காக அலுவலகத்தில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டார்கள். உம்மா போய் வாங்கி வந்தார். அதில் இரண்டு வரி. காயத்தின் காரணம்: வண்டியில் இருந்து தானாகக் கீழே விழுந்தது. அழைத்து வந்தவர்: வழிப்போக்கர்.

என்னை இடித்தவர் அந்தத் தாளில் எனக்கு உதவியவராக இருந்தார். காரின் எண் எனக்குத் தெரியாது. பார்த்தவர் யார் என்றும் தெரியாது. அதே வாரம், எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, இன்னொரு அறுவை வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மூச்சு வரும். அன்றும் எழுதினேன். ஒன்று, கால் இனி நேராகுமா. இரண்டு, நின்று செய்கிற என் வேலை என்னவாகும். மூன்று, அடுத்த அறுவைக்கு யார் பொறுப்பு. நான்காவதை அடித்து அடித்துக் கடைசியில் எழுதினேன்: உண்மையைச் சொன்னால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஒரு கருவி தவறான அளவு காட்டுவது தெரிந்தும் சரி என்று பதிந்தால் எங்கள் வேலையில் அதற்கு மன்னிப்பே கிடையாது. நான் அதையேதான் செய்திருந்தேன்.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்மா. ஸ்டேஷன் வாசலப் போயி மிதிக்கணுமா?" என்றார் உம்மா. அவருக்கும் பயம்.

அதுவரை என் துஆ எல்லாம் 'போலீஸ் வரக்கூடாது யா அல்லாஹ்' என்பதாகவே இருந்தது. ஒரு திங்கட்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்தபடி மாலை அஸர் தொழுகையை முடித்ததும் கைகள் நடுங்கின. "நான் மறைத்ததை நீயே வெளியே கொண்டு வா. என் பொய்யும் சேர்ந்து வெளியே வந்தாலும் பரவாயில்லை" என்று கேட்டேன். கேட்டுவிட்டு இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

மறுநாள் மதியம் கதவு தட்டும் சத்தம். அந்தத் திருப்பத்தில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கிற குமாரி அக்கா. அவர் கையில் என் தொழிற்சாலை அடையாள அட்டை இருந்தது.

"இன்னா பாப்பா, கருவாடு மாரி ஆய்ட்ட! இது ரோட்ல கெடந்துச்சி. வேலைக்கி வருவ, குடுக்கலாம்னு பாத்துக்கினே இருந்தேன். செக்யூரிட்டியாண்ட அட்ரஸ் கேட்டுக்கினு வந்துட்டேன்."

உம்மா நோன்போடு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். டீயை ஆற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "அந்தாளு பின்னாடி பாக்காமயே ரிவர்ஸ் எடுத்தான். நான் கத்துறேன், காதுலயே வாங்கல. தெனம் எங்கிட்ட நாஷ்டா துன்றவன்தான்."

நான் கேட்டேன்: "அக்கா, இதைப் போலீஸில் சொல்வீர்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டி போட வுடாம தொரத்திட்டா நான் எங்க போவேன்?" பிறகு என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். "மூணு வாரமா அவன் மூஞ்சப் பாத்து இட்லி வெக்கறேன். மனசு ஒப்பல. வரேன் பாப்பா. எந்நேரம்னு சொல்லு."

அவர் போனதும் உம்மா அப்படியே தரையில் நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

பொன்னேரி நீதிமன்ற வளாகத்தின் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் எங்களிடம் பொறுமையாகப் பேசினார். "தப்பா சொன்னதையும் மறைக்காம எழுதுங்க. ஏன் லேட்டுன்னு காரணம் எழுதுங்க. ஆஸ்பத்திரி காகிதம் ஒண்ணுகூடத் தொலைக்காதீங்க. சமாதானம் பேச வந்தா, வெத்துத் தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

காவல் நிலையத்தில் ஏட்டு மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அன்னிக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிட்டு, இப்ப கார் இடிச்சதுன்றியேம்மா. எது நெஜம்?"

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "கார் இடித்தது நிஜம் சார். அன்று பயத்தில் பொய் சொல்லிவிட்டேன்."

குமாரி அக்கா அடையாளம் சொல்ல, கார்காரரை வரவழைத்தார்கள். இவளை எனக்குத் தெரியாது, விழுந்து கிடந்தவளுக்கு உதவி செய்தது தப்பா என்று கேட்டார். குமாரி அக்கா முன்னால் வந்தார்.

"இன்னா நைனா, காலீல கூட என் கையால தோச துன்னியே. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு, நீ இடிக்கல?"

அவர் தலை குனிந்தது. "பயந்துட்டேன் சார்" என்றார். நான் சொன்ன அதே காரணம். அன்றே முதல் தகவல் அறிக்கை பதிவானது. அல்ஹம்துலில்லாஹ்.

இழப்பீட்டு மனு இப்போது தீர்ப்பாயத்தில் இருக்கிறது. இரண்டாவது அறுவை முடிந்து, ஊன்றுகோலோடு வேலைக்குப் போகிறேன். அக்காவின் தள்ளுவண்டியை யாரும் அகற்றவில்லை. தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களிடம் நானாகவே போய்ச் சொல்கிறேன்: அடிபட்டால், மருத்துவரிடம் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள்; வேறு யாரையும் பேச விடாதீர்கள்.

அடுத்த விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த இரண்டு வரியை எல்லோர் முன்னும் வாசிப்பார். அது நான் சம்மதித்த பொய்தான் என்று நான் கூண்டில் நின்று சொல்ல வேண்டும். இப்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் போவேன். நடுங்குகிற கைகளோடு கேட்டதையும் கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சகோதரி, உங்களுக்குள்ளும் அப்படி ஒரு பயம் இருந்தால், அது போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே அவனிடம் கேளுங்கள். கேட்ட கையோடு எழுந்து போய் உண்மையைச் சொல்லுங்கள்.