முள் இல்லாத பூச்சி

மந்தாரக்குப்பத்தில் தைரியநாதன் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். சுரங்க வேலைக்கு மனுப் போடுகிறவர்களும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் படம் அனுப்புகிறவர்களும் அவரிடம்தான் வருவார்கள். பென்சிலை ஊசியாகச் சீவி நெகடிவில் மெல்லத் தீட்டினால், படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். அம்மைத் தழும்பு போகும், மரு போகும், கறுப்பும் போகும்.

"கறுப்பு என்னய்யா நோயா?" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"ஊரே நோய்ங்குது. நான் மருந்து குடுக்கிறேன்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவருக்கு ஒரு பூச்சியைப் படம் எடுக்கும் வேலை வந்தது.

சுரங்க அதிகாரிகளின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் சாமியம்மாள் ஆமணக்கு போட்டிருந்தாள். சுரங்கம் தோண்ட அவள் ஊரை எடுத்துக்கொண்டபோது, நிலம் வைத்திருந்தவர்கள் நஷ்டஈடு வாங்கினார்கள். அந்த நிலத்தில் காலமெல்லாம் குனிந்து கிடந்தவளுக்குச் சொந்த நிலம் இல்லை. ஆகவே நஷ்டமும் இல்லை. இந்த ஆமணக்குதான் அவளுக்குச் சோறு.

செடிகளிலிருந்த நாற்றப்பூச்சிகள் அதிகாரிகள் வீட்டு விளக்குகளில் போய் மொய்த்தன. தோட்ட அதிகாரி குஞ்சிதபாதம் வெட்டச் சொல்லி வந்து நின்றார்.

"ஐயா, இது செடியைத் தின்னாதுங்க. புழுவைத்தான் தின்னுகினு கீது, பாருங்க" என்றாள் சாமியம்மாள்.

அவர் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பூச்சி, புழுவை மூக்கால் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"நான் பாத்தா போதாது. நிபுணர் பாக்கணும். புழு தின்னும் இனம்னு அவர் சொன்னா செடி இருக்கும், இல்லைன்னா வெட்டு."

பூச்சியையே அனுப்பலாம். ஆனால் ஆபீஸ் தபாலில் நாற்றம் அனுப்ப விதியில்லை. அதனால் போட்டோ.

தைரியநாதன் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, உடனே வெளியே எடுத்தார்.

"சாப்புட்டுகினு இருக்கிறப்ப யாராவது போட்டோ புடிப்பாங்களா? மரியாதையா இருக்க வேணாம்?"

குச்சியால் புழுவைத் தள்ளிவிட்டுப் படம் எடுத்தார். பூச்சியின் தோளில் இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன, மூக்கும் தடிமன். ஸ்டுடியோவில் பென்சில் தன் கடமையைச் செய்தது.

"மாப்ள மாதிரி கீது அண்ணே!" என்று சாமியம்மாள் பூரித்தாள்.

நிபுணரின் பதில் வந்தது: தோளில் முள் இல்லை, மூக்கு மெலிந்தது, செடியின் சாற்றை உறிஞ்சும் தீய இனம்.

சாமியம்மாள் ஸ்டுடியோ வாசலில் நின்று கத்தினாள். "என் பூச்சிக்கு இருந்த முள்ளு எங்கய்யா போச்சு?"

"நீதானே மாப்ள மாதிரி கீதுன்னே!"

"அழகா இருந்தா வெட்டிடுவாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

தைரியநாதன் இரண்டாவது படம் எடுத்தார். முள், மூக்கு, மூக்கில் புழு, எல்லாம் இருந்தபடியே. பென்சிலை எடுக்காமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் படத்தை மட்டும் வாங்கி அனுப்பினார். பதில் வரும்வரை வெட்டு நின்றது.

மறுபதில்: இது புழு தின்னும் நல்ல இனம், காப்பாற்றவும். முன்னது தீய இனம், ஒழிக்கவும்.

"ரெண்டும் ஒரே பூச்சிதாங்க ஐயா!" என்றார் தைரியநாதன்.

"நிபுணர் ரெண்டுங்கிறாரு, நீ ஒண்ணுங்கிறியா? நிபுணர் யாருய்யா, நீயா அவரா?"

உத்தரவு பிறந்தது. நல்ல பூச்சி வாழ்வதால் ஆமணக்கை வெட்டக் கூடாது. அதே ஆமணக்கில் ஒளிந்திருக்கும் முள் இல்லாத பூச்சியைத் தேடிப் பிடிக்க, கான்ட்ராக்டில் ஓர் ஆள் போட வேண்டும். செடிகளைத் தெரிந்தவள் என்று சாமியம்மாளையே போட்டார்கள்.

அதன் பிறகு தைரியநாதன் பூச்சிகளுக்குப் பென்சில் தொட்டதில்லை. மனிதர்களுக்கு நிறுத்திப் பார்த்தார், மனிதர்கள் விடவில்லை.

ஒருநாள் அந்தப் பக்கம் போனவர், "கெடைச்சுதா?" என்று கேட்டார்.

"தேடிகினே கீறேன் அண்ணே" என்றாள் சாமியம்மாள், இலையைப் புரட்டிக்கொண்டே. "இந்த வேலைய பர்மனன்ட் பண்ணுவாங்களான்னு ஐயாவைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு."