இரண்டு பெண்கள் வாங்கிய மேல்மாடி

ரங்கூனின் பபேடான் பேட்டையில் நாங்கள் குடியிருந்த மேல்மாடி ஒரு காலத்தில் ஒரே வீடு. பிற்பாடு வந்த வீட்டுக்காரர்கள் குறுக்கே பலகை அடித்து அதை இரண்டாக்கி விட்டிருந்தார்கள். பலகை தெருப்பக்கத்துப் பெரிய சன்னலின் நடுவே போனது. சன்னலின் ஒரு கதவு எங்களுக்கு, மற்றது பக்கத்து அமாவுக்கு. அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. அவர் துணி தைப்பவர். அவர் கணவருக்கு போட்டாதாங் துறையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற வேலை.

தொண்ணூறுகளின் நடுவில், குத்தகை முடிகிற சமயம், வீட்டுக்காரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"நான் மாண்டலேக்கு மகன்கிட்டப் போறேன். குத்தகையை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித் தரட்டுமா? இல்ல, மனையில பங்கோட மாடியையே வாங்கிக்கிறீங்களா? ஆனா பாதியா விக்க மாட்டேன். ரெண்டு வீடும் சேர்ந்துதான் வாங்கணும்."

"குத்தகையே போதும்மா" என்று என் கணவர் சட்டென்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குத்தகை முடியும்போதெல்லாம் காலி பண்ணச் சொல்வார்களோ என்று காத்திருந்தவள் நான். அவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார், வியாபாரமும் மோசமில்லை. பின் ஏன்? வீட்டுக்காரம்மா போனதும் பிடித்துக்கொண்டேன்.

"என் அட்டையைப் பார்த்திருக்கேல்ல? அதை வச்சு ஒரு செங்கல்லைக்கூட என் பேருக்கு எழுத முடியாது" என்றார்.

அவருடைய வாப்பாவும் உம்மாவும் ராமநாதபுரக் கரையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். இங்கேயே பிறந்தும் அவர் கையிலிருந்தது வெளிநாட்டார் அட்டைதான். என் உம்மா பர்மாக்காரி. என்னுடையது குடியுரிமை அட்டை. இத்தனை வருஷத்தில் அந்த வித்தியாசத்தை நாங்கள் பேசியதே இல்லை.

"என் பேர்ல எழுதினா என்னங்க?"

"கடைத்தெருவுல என்ன சொல்வாங்க புள்ள?"

"பொண்டாட்டி வீட்டுல இருக்கான்னு சொல்வாங்க. இப்ப மட்டும் உங்க வாப்பா வீட்டுலயா இருக்கீங்க?"

முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

சன்னலின் மறு கதவு திறந்தது. அமா தலையை நீட்டி, "சண்டை தமிழ்ல நடந்ததால எனக்கு ஒண்ணும் புரியல. சிரிப்பு மட்டும் புரிஞ்சது. வீட்டுக்காரம்மா எங்களையும் கேட்டாங்க. வாங்கறோமா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

அவர் கணவருக்குத்தான் மனசில்லை. வயதானால் சொந்த ஊரான கியாக்தானுக்குத் திரும்பிவிட வேண்டும், ரங்கூனில் மனை எதற்கு என்பது அவர் கட்சி. அமா அசரவில்லை.

"தாராளமா திரும்புவோம். அப்போ இதை வித்துட்டுப் போகலாம். குத்தகையை விக்க முடியுமா?"

அவர் சேமிப்பை எடுத்து எண்ண ஆரம்பித்தார். பணம் போதாமல் என் வளையல்கள் விலைக்குப் போயின, அமாவின் இரண்டாவது தையல் மெஷினும் போனது.

பத்திரம் எழுதும்போது வக்கீல் எல்லை எங்கே என்று கேட்டார். சன்னலுக்கு நடுவில் என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பலகையைக் கொஞ்சம் தள்ளி அடிச்சா முழுச் சன்னலும் ஒருத்தருக்குப் போகுமே?"

நானும் அமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பிரிக்க வேணாம். மாடி ரெண்டு பேருக்கும் பொதுன்னே எழுதுங்க" என்றார் அமா.

அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டது நாங்கள் இருவர் மட்டும்; அமா பேரே போதும் என்று அவர் கணவர் சொல்லிவிட்டார். ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்ததை வாசல் வழியாகப் பார்த்துவிட்டு என் கணவர், "பிஸ்மி சொல்லிட்டுப் போடு புள்ள" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருக்குமோ என்று கவனித்தேன். இல்லை.

அந்த மழைக்காலத்தில் அடுப்படிக்கு மேலே ஒழுகியது. யாரிடம் போய்ச் சொல்வது என்று பழக்கதோஷத்தில் யோசித்தேன். அதற்குள் இரண்டு ஆண்களும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டார்கள். அமாவின் கணவர் ஆணி அடிக்க, என் கணவர் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து அவர் இறங்கி வந்த பிறகும் என் கணவரைக் காணவில்லை.

"இறங்குங்க, டீ ஆறுது!" என்று கத்தினேன்.

"இரு புள்ள" என்று மேலிருந்து குரல் வந்தது. "இங்கேயிருந்து பார்த்தா வாப்பா கப்பல்ல வந்த ஆறு தெரியுது."