இடம் பிடித்து வைத்த செங்கற்கள்

1. வடையும் வருங்காலமும்

பெண்கள் கூட்டமாக வந்து பள்ளிக் கேட்டை உலுக்கியபோது நான் வடை தின்றுகொண்டிருந்தேன். பொங்காலைக்கு முந்தைய நாள். மத்தியானத்தோடு பள்ளி விட்டாயிற்று. மாடி ஹாலில் 'வருங்காலத் திட்டக் கூட்டம்' நடந்தது. மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சமூக ஒத்துமை இல்லாம ஒரு பள்ளிக்கூடமும் வளராது" என்று பேசிக்கொண்டிருந்தார். கீழே, "எங்க கல்லு எங்கட்டீ?" என்று ஒரே கூச்சல்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் நான் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் வழக்கப்படி மேனேஜர் என்றால் பள்ளியின் முதலாளி. எங்களுடையவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையும் உண்டு. இப்போது பள்ளி ஆபீசுகளில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகள், 'பிளானிங்' என்ற சொல்லைக் கேட்டதும் கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் உருப்படியான கழிப்பறைகள் இரண்டே இரண்டு. மற்றவை இடிந்து, பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலையிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு லீடர் முத்துச்செல்வி ஒருநாள் டிரில் பீரியடில் சுருண்டு விழுந்தாள். ஆபீஸ் பெஞ்சில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "வேண்டாம் மேடம், பெறவு போகணும்னு வரும்" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை மேசையில் குத்தியதில் அதன் கைப்பிடி கழன்றுவிட்டது.

ஹெட்மிஸ்ட்ரஸ் லலிதா டீச்சர் கரமனை அக்ரகாரத்துக்காரர். குரலே உயராது, ஆனால் விடவும் மாட்டார். மேனேஜரிடம் கழிப்பறை கேட்கப் போகும்போதெல்லாம் கிடைக்கும் பதில், "அடுத்த வருஷம் பார்ப்போம் டீச்சரே." கடைசியில் ஒருநாள் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "செங்கல்லை நீங்க கொண்டு வாங்க. பாக்கி முழுக்க நான் பார்த்துக்கிடுதேன்" என்றார்.

"நீங்க சொன்னதை நான் மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து வந்தார்.

2. டீச்சரின் திட்டம்

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்காலை இடும் அன்று எங்கள் நகரத்து ரோடெல்லாம் அடுப்புதான். பெண்கள் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றிப் பொங்குவார்கள். நல்ல இடத்துக்கு அடிபிடி. அதனால் முன்கூட்டியே கல்லைப் போட்டு, சாக்பீஸால் பெயரும் எழுதி வைத்துவிடுவார்கள். அந்தக் கல்லை யாரும் தொடமாட்டார்கள். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்களுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

பொங்காலை முடிந்ததும் ரோட்டில் கிடக்கும் கல்லை வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டச் சேகரிப்பார்கள். "அதுல நாம கை வைக்கப்படாது" என்றார் டீச்சர். "நம்ம கொழந்தைகளோட அம்மாக்கள் நம்ம வாசல்ல வந்து பொங்கட்டும். அவா கல்லை மட்டும் நமக்குத் தரட்டும்." தாய்மார்கள் சம்மதித்தார்கள். அசெம்பிளியிலும் டீச்சர் அறிவித்தார்: "வாசல்ல நம்ம கல்லு கிடக்கும். ஒண்ணு விடாம எடுத்துண்டு வந்து கிரவுண்டுல அடுக்கணும். ஒத்துமைன்னா என்னன்னு காட்டணும்."

எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. அடுப்பு அணைந்த பிறகுதான் என்று இந்த ஊரில் யாருக்குச் சொல்லவேண்டும்? முத்துச்செல்விக்குச் சொல்லியிருக்கவேண்டும். அவள் அப்பா ஹோட்டல் வேலைக்காக வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பொங்காலையைக் கண்ணால் கண்டதில்லை. மற்ற பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "டீச்சர் பறஞ்சதல்லே", டீச்சர் சொன்னதாயிற்றே, என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள்.

நாங்கள் மாடியில் சமூக ஒற்றுமையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடம் பிடித்து வைத்திருந்த எல்லாருடைய கல்லையும் கிரவுண்டில் அடுக்கிவிட்டார்கள்.

3. கேட்டுக்கு வெளியே

கூட்டத்துக்கு முன்னால் நின்றது வேறு யாருமில்லை, மேனேஜரின் மனைவி சாந்தாக்கா.

"பெயின்ட்ல பேரெழுதிப் போட்ட கல்லாக்கும்! அதையுமா எடுப்பாவோ? என்ன பள்ளிக்கூடம் நடத்துதாவோ இவுங்க?"

"இவுங்க" மாடியிலிருந்து இறங்கி வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு மறுபடியும் மாடிக்கே போய்விட்டார்.

முத்துச்செல்வி கையெல்லாம் செம்மண்ணாக என்னிடம் ஓடி வந்தாள். "மேடம், ஒண்ணுகூட விடல!" அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. கல்லைத் திருப்பிப் போடலாம். ஆனால் எது யாருடைய இடம் என்று எந்தக் கடவுளுக்குத் தெரியும்?

லலிதா டீச்சர் கேட்டை அகலத் திறந்தார். "எல்லாரும் உள்ள வாங்கோ. ரோட்டுல வெயில்ல எதுக்குப் பொங்கணும்? கிரவுண்டு இருக்கு, மரம் இருக்கு, பைப்பு இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். அடுக்கி வைத்த கல்லிலிருந்து ஆளுக்கு மூன்று எடுத்து, பழையபடி இடம் பிடித்தார்கள். சாந்தாக்கா மட்டும் தன் பெயர்க் கல்லைத் தேடி எடுத்து, மாமரத்தடியைப் பிடித்துக்கொண்டார்.

4. க்யூ

மறுநாள் விடியும்போதே கிரவுண்டு நிறைந்துவிட்டது. பொங்காலையில் அவசரமே கிடையாது. கோயிலில் தீ மூட்டும்வரை காத்திருக்கவேண்டும். பொங்கி முடித்த பிறகும் தீர்த்தம் தெளிக்கும்வரை காத்திருக்கவேண்டும். இத்தனை பெண்கள், இத்தனை மணி நேரம், இரண்டு கழிப்பறை. க்யூ கிரவுண்டைச் சுற்றிக்கொண்டு சயின்ஸ் லேப்வரை போயிற்று. அதை ஒழுங்குபடுத்தியது முத்துச்செல்வி.

சாந்தாக்கா க்யூவின் நடுவில் வியர்த்துப்போய் நின்றார். "மக்களே, இது ரெண்டுதானா?"

"ஆமா மேடம். மத்ததெல்லாம் பூட்டிக் கெடக்கு."

"அப்போ நீங்கள்லாம் தெனமும் என்ன செய்வியோ?"

"நாங்க தண்ணி குடிக்க மாட்டோம் மேடம்."

சாந்தாக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். க்யூ முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது.

"என்ன, அடுத்த வருஷமா? நான் இப்பம் க்யூல நிக்குதேன், கேட்டுக்கிடுங்க! ... செங்கல்லா? இங்க வந்து பாருங்க, மலை கணக்கா கிடக்கு. நாளைக்குக் கொத்தனாரை அனுப்பலைன்னா, நான் இந்தக் க்யூவோட கடைக்கு வந்து நிப்பேன்!"

அன்று சாயங்காலம் பெரும்பாலான பெண்கள் கல்லைப் பள்ளிக்கே விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் கொத்தனார் வந்தார். கல்லில் கரி என்று முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கட்டினார். பெயின்ட்டில் சாந்தாக்காவின் பெயர் எழுதிய கல்லை உள்பக்கமாகத் திருப்பி வைக்கப் போனவரை அவரே தடுத்து, "வெளிய தெரியட்டும். அவரு வரும்போதெல்லாம் பார்க்கணும்" என்றார். அது ஒன்றுக்கு மட்டும் பூச்சு கிடையாது.

வருங்காலத் திட்டக் கூட்டங்கள் அதற்குப் பிறகும் நடந்தன. நான் ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொண்டேன். ஒரு பள்ளியின் வருங்காலத்தைத் தீர்மானிக்கிறவர்களை ஹாலில் உட்கார வைத்து வடை கொடுக்கக்கூடாது. பிள்ளைகள் நிற்கும் க்யூவில் ஒருநாள் நிற்க வைக்கவேண்டும்.

புதுக் கழிப்பறைகள் திறந்த வாரம் ஆபீசுக்கு முதல் புகார் வந்தது. கொண்டு வந்தவள் முத்துச்செல்விதான், வகுப்பையே திரட்டிக்கொண்டு.

"மேடம், குடிதண்ணி டேங்க் மத்தியானத்துக்குள்ள காலியாயிருது."

என் வேலைக்காலத்தில் ஒரு புகாரைக் கேட்டு நான் அழுதது அந்த ஒருமுறைதான்.