நாலு ஜிபிக்கு மேல் ஏறாத அறை

வண்டன்மேட்டில் எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் வைத்து அண்ணன் என்னை அறைந்தான். தோட்டத்தில் பங்கு கேட்டேன், அதுதான் குற்றம். உதடு கிழிந்து சேலையெல்லாம் ரத்தம். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. போலீசுக்குக் கொடுக்க அந்த வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றினால், ஃபைல் பெரியது என்று மறுத்தது. டிவியில் ஓட வேண்டுமென்று அவன் ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து வைத்த சனியன், நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை வாங்காது. வெட்டிச் சின்னதாக்கினால் பொய் வீடியோ என்பான். ஸ்டேஷனில் எந்தக் கம்ப்யூட்டரானாலும் திறக்கட்டும் என்று பெரிய ஃபைலையும் வாங்கும் எக்ஸ்ஃபேட்டில் மறுபடி ஃபார்மேட் செய்யப் போனேன். உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. உள்ளே இருந்தது அவன் கல்யாண வீடியோ. அதில் அண்ணிக்கு மூன்றாவது முடிச்சைப் போடுவது நான். அவன் அறைந்த வேகத்திலேயே என்டரை அடித்தேன்.