சந்தனம் அப்பிய விளக்கு

என் தாய்மாமாவின் கண்களில் எந்தக் குறையும் இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் என்று காரணம் சொல்லலாம். ஆனால் மாமா ஒருவர்தானே, நாலு பேர் இல்லையே.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கம் சுத்துக்கேணியில் கரும்பு பயிரிட்டிருந்த ஒரு பெரிய வீட்டில் அவர் காரோட்டியாக இருந்தார். அந்த வீட்டு மகன் பிரான்சில் படித்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தார். கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டி என்றார்கள். எங்கள் மாட்டுவண்டிப் பாதையில் அது போவது, பட்டு வேட்டி கட்டியவர் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். சின்ன முதலாளிக்கு அதில் உட்காரத்தான் பிரியம். ஆடுமாடு குறுக்கே வரும் பாதையில் ஓட்டப் பயம். மாமாவோ, தூரத்தில் புழுதி தெரிந்ததுமே வருவது யார் வண்டி, பூட்டியிருப்பது எந்த மாடு என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் தன் தம்பிக்கு வேலை கொடுத்தார்கள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எட்டு வயதில் வந்த ஆயுதபூஜை. மாமா காரைக் கழுவி, முன்விளக்குகளுக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார்.

“உள்ள நீ வைடா. ஒண்ணு வுடாத.”

நான் ஒன்றுகூட விடவில்லை. வட்டமாக இருந்ததெல்லாம் எனக்குப் பொட்டு வைக்க வேண்டிய இடமாகத் தெரிந்தது. முன்பலகையின் கீழ் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன்மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சாவியைத் திருப்பினால் அது சிவப்பாக எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும், ஓடும்போது எரிந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

வில்லியனூர் கோயில் வாசலில் காருக்குக் கற்பூரம் காட்டிவரச் சொல்லி அனுப்பினார்கள். சின்ன முதலாளி வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. எலுமிச்சம்பழம் நசுங்க, பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவர, கிளம்பினோம். அந்தக் கூச்சலில், சாவியைத் திருப்பியபோது விளக்கின் சிவப்பு தெரியாததை மாமா கவனிக்கவில்லை.

ஆற்றோரப் பாதையின் இறக்கத்தில் ஒரு கல் காரின் அடியில் இடித்தது. மாமா வேகத்தைக் குறைத்தார். குனிந்து பலகையின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை பார்த்தார். பலகை முழுக்கப் பொட்டாக இருந்தது. அவர் தேடியது எரியும் விளக்கு. எதுவும் எரியவில்லை. நிம்மதியாக மறுபடியும் வேகம் எடுத்தார்.

ஒரு மைல் போயிருப்போம். தீய்ந்த நாற்றம் வந்தது. இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டு, எஞ்சின் நின்றுவிட்டது. மாமா இறங்கிப் பின்னால் பார்த்தார். நாங்கள் வந்த வழியெல்லாம் மண்ணில் கறுப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே வளைவு வரைக்கும் நடந்து போனார்.

நான் காரில் தனியாக இருந்தேன். அந்தப் பொட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ன செய்துவிட்டேன் என்று முழுதாகப் புரியவில்லை. எதையோ மறைத்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தேன். பிறகு பலகையில் இருந்த எல்லாப் பொட்டையும் துடைத்தேன்.

மாமா திரும்பி வந்து, கதவின்மேல் கை ஊன்றி, உள்ளே பார்த்தார். பொட்டுகள் போனதை அவர் கவனிக்கவில்லை, எரிந்த விளக்கையே பார்த்தார்.

“இது எப்பலேருந்துடா எரியுது?”

நான் சட்டை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

“நீ பாத்தியா?”

“கல்லு இடிச்சதுலேருந்து எரியுது மாமா.”

“அப்பவே ஏன்டா சொல்லல?”

“அது இன்னான்னு எனக்குத் தெரியாது.”

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அடிக்கவில்லை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

காரை இரண்டு மாடுகள் வீட்டுக்கு இழுத்து வந்தன. பிரான்சிலிருந்து வந்தபின் எல்லாரும் ஐயா என்பதற்குப் பதில் முசியே என்று கூப்பிட்ட சின்ன முதலாளி சத்தம் போடவில்லை. விளக்கு எரியவில்லையா என்று மட்டும் கேட்டார்.

“எரிஞ்சிது முசியே. பையன் பாத்திருக்கான். என் கண்ணுலதான் படல.”

எஞ்சினைச் சரிபண்ணிக்கொள்ளலாம், நீ வேலையில் இரு என்றார் அவர். மாமா சாவியை மேசைமேல் வைத்தார்.

“ரோட்டுல புள்ளைங்க ஓடும் முசியே. வேணாம்.”

அம்மா விடவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போனாள், நானும் போனேன். வெள்ளைக்கார டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அம்மா வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“ஒரு முழத் தூரத்துல எரிஞ்சது தெரியலக்கா. டாக்டரு இன்னா சொன்னா இன்னா?” என்றார் மாமா.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதன்பின் அவர் எந்தக் காரையும் தொடவில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பும்போது என்னை முன்னால் நடக்கச் சொல்லி, என் தோளில் கை வைத்துக்கொண்டு வரப்பில் வருவார். காரோட்டியாக இருந்தவரை என்னோடு அவருக்கு அவ்வளவு நெருக்கம் கிடையாது. மாமாவுக்கு என்மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்தேன். மற்றப் பையன்கள் பார்க்கட்டும் என்று, வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன்.