ஏணியடியில் செருப்பு இல்லை

சோப்புத்தூள் ஆலையில் அவருக்குப் பெயர் வெள்ளைத்தொப்பி. மற்ற எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. பாதுகாப்புப் பொறுப்பாளர் என்பதால் அவருக்கு மட்டும் வெள்ளை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தொப்பி தலைக்கு ஏறுவதற்கு முன்னால், அந்தத் தலை பல வருஷம் டிரம்முக்குள்தான் கிடந்தது. தூள் கலக்கும் டிரம் ஒரு சின்ன அறை அகலம் இருக்கும். சுற்றும்போது ஈரம் பட்ட தூள் உள்சுவரில் கல்லாக அப்பிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தி, பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி, டிரம்மின் வாய் வழியாகத் தோளைக் குறுக்கி ஓர் ஆள் உள்ளே இறங்குவார். தகட்டால் சுரண்டுவார். மூக்கில் துணி கட்டினாலும் தும்மல் நிற்காது. வீட்டுக்குப் போனால் வியர்வையே நுரைக்கும். "உன் புருஷனுக்கு சோப்பு செலவு மிச்சம்" என்று அவர் மனைவியை அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள்.

அந்தச் சுரண்டும் வேலையில் இருந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பாதுகாப்புப் படிப்பு படித்துச் சான்றிதழ் வாங்கினார். தொப்பி நிறம் மாறியது. அவருடைய இடத்தில் இன்னொருவர் உள்ளே இறங்கினார். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அவருக்குச் சுரண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. "இந்தக் கம்பெனியில எல்லாரும் எல்லாரையும் சுரண்டுறாங்க. பேரு மட்டும் எனக்கு" என்பார்.

வெள்ளைத்தொப்பி பொறுப்புக்கு வந்ததும் கையில் எடுத்தது கால்களைத்தான். ஆலையில் எல்லாரும் ரப்பர் செருப்பு. ஒரு நாள் பீப்பாய் உருண்டு ஒருவருடைய கால் விரல்கள் நசுங்கின. அன்றிலிருந்து வெள்ளைத்தொப்பி மேலாளர் அறைக்கு நடந்த நடையில் அவருடைய செருப்பே தேய்ந்துபோனது. கடைசியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின கறுப்பு ஷூக்கள், முன்னால் இரும்புக் கவசம் வைத்தவை. செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார் என்று பலகை எழுதி மாட்டினார். "என் கல்யாணத்துக்குக்கூட நான் ஷூ போடலப்பா" என்று சுரண்டி காலைத் தூக்கித் தூக்கி நடந்து காட்ட, கூடமே சிரித்தது. வெள்ளைத்தொப்பியும் சிரித்தார். அவருக்கு உள்ளுக்குள் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரியும் ஷூக்களைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

அதே ஆய்வுக்காகச் சிவப்புப் பூட்டுகளும் வாங்கி வைத்திருந்தார்கள். இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் தன் பூட்டைச் சுவிட்ச் கைப்பிடியில் மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பூட்டுகள் மேலாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகத் தொங்கின. திருடு போகக் கூடாது என்று அந்தப் பெட்டியையும் பூட்டியிருந்தார்கள். 'முதலில் ஷூ, அப்புறம் பூட்டு, ஒவ்வொன்றாக வரட்டும்' என்று வெள்ளைத்தொப்பி நினைத்திருந்தார். பூட்டு இல்லாமலே தானும் வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி ஏறியவர்தானே என்ற தெம்பு.

ஒரு காலைப் பொழுதில் அது நடந்தது. டிரம்மை இயக்கும் வேலையில் இருந்தவன் வெள்ளைத்தொப்பியின் மனைவியின் தம்பி. அக்காவின் நச்சரிப்பால் கிடைத்த வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவன். டீ குடித்துவிட்டு வந்தான். தூணருகே நின்று டிரம் பக்கம் பார்த்தான். சுரண்டல் முடிந்துவிட்டது, வாயைக் கீழே திருப்பி உதிர்ந்த தூளைக் கொட்டிவிடலாம் என்று பட்டனை அழுத்தினான்.

டிரம் மெல்லத் திரும்பியது. உள்ளே தகடு இரும்பில் மோதும் சத்தம். பிறகு ஓர் அலறல். நிறுத்தும் சிவப்புப் பட்டனை அவன் கையால் அடித்த அடியில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சாய்ந்து நின்ற டிரம்மின் வாயிலிருந்து, கொட்டிய தூளோடு தூளாகச் சுரண்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். தலையிலிருந்து கால்வரை ஒரே வெள்ளை. இருமி முடித்ததும் கேட்டார்:

"எவன்டா அவன், தூங்குறவனுக்குத் தொட்டில் ஆட்டுனது?"

எல்லாரும் சிரித்தார்கள். சுரண்டியின் தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மேலாளர் வெள்ளைத்தொப்பியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இதோட விட்டுடுங்க."

"சார், உயிர் போயிருக்கக்கூடிய சம்பவம். அடி படலைன்னாலும் ஆய்வாளருக்குத் தெரிவிக்கணும். அதுதான் சட்டம்."

"சட்டம் எனக்கும் தெரியும். எழுதிப் போட்டா வந்து டிரம்மை நிறுத்துவாங்க. பட்டனைத் தொட்டது யாருன்னு கேப்பாங்க. யாருன்னு எழுதுவீங்க?" மேலாளர் குரலைத் தணித்தார். "உங்க மச்சினன் நல்ல பையன். அடுத்த மாசம் அவன் ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும்."

வெளியே வந்தால் சுரண்டி காத்திருந்தார். "அந்தப் பையன் பொழைப்புல மண்ணைப் போட்டுடாதப்பா. செத்துப் போக இருந்தவன் நானே சொல்றேன்."

சாயங்காலம் வீட்டில் மைத்துனன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அக்கா வைத்த தட்டு ஆறிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"பார்க்காம தொடல மாமா. ஏணியடியைப் பார்த்துட்டுத்தான் தொட்டேன். செருப்பு இல்லையே."

வெள்ளைத்தொப்பிக்குச் சுருக்கென்றது.

டிரம்முக்குள் இறங்குகிறவர் செருப்பை ஏணியடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். தூளில் கால் அழுக்கு ஒட்டக் கூடாது என்று யாரோ எப்போதோ ஆரம்பித்த பழக்கம். சுவிட்ச் இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் டிரம்முக்குள் தெரியாது, ஏணியடி தெரியும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள், கிடக்காவிட்டால் காலி. எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் அது. புதிதாக வேலைக்கு வருகிறவன்கூட ஒரே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டுவிடுவான். அவருடைய உயிரையே அவருடைய சொந்தச் செருப்புதான் அத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறது. நாடா கட்டின ஷூவை ஒவ்வொரு தடவையும் எவன் கழற்றிக்கொண்டிருப்பான்? சுரண்டி ஷூவின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு அப்படியே இறங்கியிருந்தார்.

ஷூ வாங்கிக் கொடுத்தது யார்? செருப்பை வாசலோடு நிறுத்தியது யார்? புது வேலி கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்க, பழைய வேலியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். அதையும் கொண்டாடியிருக்கிறார்.

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "ஏங்க, எழுதப் போறீங்களா?"

"ஆமா."

"என் தம்பி பேரையுமா?"

"நடந்ததை எழுதினா அவன் பேரும் வரும்."

"ஊருக்கெல்லாம் நல்லவர். வீட்டுல ஒருத்தன் வேலை போறது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியாது."

"எழுதலைன்னா டிரம் இப்படியேதான் ஓடும். நாளைக்கும் அந்தப் பட்டன்கிட்ட நிக்கப் போறது உன் தம்பிதான்." அவர் மைத்துனனைப் பார்த்தார். "இன்னிக்கு சுரண்டி தப்பிச்சாரு. இவனும்தான் தப்பிச்சான்."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்குப் பாத்திரங்கள்தான் பேசின. மைத்துனன் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான். தட்டு அப்படியே இருந்தது.

காலையில் அவர் எழுதியதை மேலாளர் படித்துவிட்டு மேசைமேல் போட்டார். "தலைப்பாகைதான் போச்சுன்னு சொன்னேனே."

"அதையும் எழுதணும் சார். அடுத்த தடவை தலையில தலைப்பாகை இருக்காது."

ஆய்வாளர் ஓர் அம்மா. அதிகம் பேசாதவர். டிரம்மைச் சுற்றி வந்தார். சுவிட்ச் தூணருகே நின்று ஏணியடியைப் பார்த்தார். பிறகு பூட்டுகளைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள்.

"திறங்க."

பெட்டிச் சாவி மேலாளரின் இன்னொரு கைப்பையில், வீட்டில். சுரண்டி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இங்க யாருங்க பொறுப்பு?" என்று ஆய்வாளர் கேட்டதும் மேலாளரின் பார்வை பட்டனைத் தொட்டவன்மேல் போய் நின்றது. அவன் தலை குனிந்து நின்றான்.

"தொட்டது இவன்தாம்மா," என்றார் வெள்ளைத்தொப்பி. "தொடுறதுக்கு முன்னாடி இங்க எல்லாரும் எதைப் பார்ப்பாங்களோ, அதைப் பார்த்துட்டுத்தான் தொட்டான். அந்த அடையாளத்தை எடுத்தது நான். வேற ஒண்ணைக் கையில குடுக்காம எடுத்துட்டேன். பூட்டு மாட்டாம யாரும் உள்ள இறங்கக் கூடாதுன்னு தடுக்கவேண்டியவனும் நான்தான்."

ஆய்வாளர் அவரை ஒரு கணம் பார்த்தார். "பூட்டைப் பெட்டியில போட்டுப் பூட்டினது?"

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பூட்டுகள் வரும்வரை டிரம் ஓடக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. மேலாளருக்கும் வெள்ளைத்தொப்பிக்கும் எச்சரிக்கைக் கடிதம். அந்த வருஷ ஊதிய உயர்வு வெள்ளைத்தொப்பிக்கு வரவில்லை. அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு: மைத்துனனின் நிரந்தர ஆணையைத் தள்ளி வைத்து, அவனைச் சுரண்டும் வேலைக்கு மாற்றினார்கள். சுரண்டிக்குத் தோள் வலி விடவில்லை என்பது காரணம். எல்லாருக்கும் தெரிந்த காரணம் வேறு. வெள்ளைத்தொப்பி போய் வாதாடிப் பார்த்தார். மேலாளர் எச்சரிக்கைக் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினார்.

மைத்துனன் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு நண்பனோடு போய்த் தங்கினான். ஆலையில் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்றான். அந்த 'சார்' அவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தைவிடக் கனமாக இருந்தது. சரியானதைத்தான் செய்தோம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியானதைச் செய்கிறவனுக்கு நிம்மதியும் கூடவே வரும் என்று அவருடைய பாடப்புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பூட்டுகள் தூணுக்கே வந்து, டிரம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மழைக்காலத்தில் ஒரு நாள். சரக்கு அவசரம், லாரி வாசலில் நின்றது. மேலாளர் வெள்ளைத்தொப்பியை அனுப்பினார்: "டிரம்மை லேசா ஒரு திருப்பு திருப்பணும். எலெக்ட்ரீஷியன் மோட்டார் சத்தம் பார்க்கணுமாம். போய்ச் சொல்லுங்க."

அவரும் அந்த அவசரத்தோடேயே போனார். தூணில் சிவப்புப் பூட்டு தொங்கியது. டிரம்முக்குள்ளிருந்து தகடு உரசும் சத்தம். ஏணியில் இரண்டு படி ஏறி, வாய்க்குள் குரல் கொடுத்தார்:

"டேய், அந்தச் சாவியை இப்படித் தூக்கிப் போடு. நீ ஓரமா பிடிச்சு நில்லு, ஒரு நொடி வேலைதான்."

சொல்லி முடித்தபின்தான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. ஏணிக்கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

உள்ளே தகட்டின் சத்தம் நின்றது. வெள்ளை அப்பிய முகம் ஒன்று வாயருகே எட்டிப் பார்த்தது. கண் மட்டும் கறுப்பு. கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"தர மாட்டேன். நான் வெளிய வந்து நானே திறப்பேன். அதுவரைக்கும் லாரி நிக்கட்டும்." முகம் உள்ளே போனது. டிரம்முக்குள்ளிருந்து குரல் மட்டும் எதிரொலித்து வந்தது. "யாரு கேட்டாலும் குடுக்காதேன்னு பலகை எழுதி மாட்டுனது நீங்கதானே, மாமா."

வெள்ளைத்தொப்பி ஏணியிலிருந்து இறங்கினார். மேலாளரிடம் திரும்பிப் போகாமல், தூணோரம் பூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். லாரிக்காரன் வாசலில் ஒலிப்பானை அழுத்தியபடி இருந்தான். உள்ளே தகடு அவசரமில்லாமல் சுரண்டிக்கொண்டிருந்தது.